பழைய இலச்சினையில் உள்ள எழுத்து எந்த எழுத்துரு?

போலந்தின் கதான்ஸ்க் துறைமுக நகரில் 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடைபெற்ற கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அதன் தலைவர் லெக் வலேசாவின் அடர்ந்த மீசைக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது ஒரு சொல்லின் வடிவம்தான். வெள்ளைப் பின்னணியில், சிவப்பு நிறத்தில், ஒன்றன்மீது ஒன்று சாய்ந்தபடி நெருக்கமாக நிற்கும் எழுத்துக்கள். அவற்றின் நடுவிலிருந்து உயரும் ஒரு கொடி. ஒருமைப்பாடு என்று பொருள்படும் 'சொலிடார்னோஷ்ச்' என்ற போலந்து மொழிச் சொல் அது.

இந்த இலச்சினையைப் பார்ப்பவர்களிடம், குறிப்பாக அச்சுத்துறையினரிடமும் வடிவமைப்பு மாணவர்களிடமும், இயல்பாகவே எழும் கேள்விகள் சில உண்டு. இது எந்த எழுத்துரு? அதன் பெயர் என்ன? கணினியில் அது கிடைக்குமா?

இக்கேள்விகளுக்கு எளிய விடை ஒன்றும், சற்றுச் சிக்கலான விடை ஒன்றும் உள்ளன. எளிய விடை, அது எந்த எழுத்துருவும் அல்ல என்பதாகும். சிக்கலான விடையோ, பழைய இலச்சினை ஒன்றின் எழுத்தை அடையாளம் காண்பது எப்படி, அதனால் எதை அறிய முடியும், எதை அறிய முடியாது என்பதைப் பற்றியது. அழகியல் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு போலத் தோன்றும் இந்த விடயம், பாகிஸ்தானில் ஒரு பிரதமரின் குடும்பத்திற்கு எதிரான வழக்கில் சாட்சியமாக முன்வைக்கப்பட்டது. தமிழர்களின் பழைய ஆவணங்களின் வயதை அறியவும் இதே முறை பயன்படக்கூடியது.

வேலைநிறுத்தத்தின் நடுவே பிறந்த வடிவம்

கதான்ஸ்கில் உள்ள லெனின் கப்பல் கட்டும் தளத்தில் பாரந்தூக்கி இயக்குநராகப் பணியாற்றிய அன்னா வலென்டினோவிச், ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 1980 ஆகஸ்ட் தொடக்கத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவரை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் ஆகஸ்ட் 14ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களுக்குள் பிற தொழிற்சாலைகளும் இணைந்துகொள்ள, 21 கோரிக்கைகள் ஒட்டுப்பலகைகளில் கையால் எழுதப்பட்டுத் தளத்தின் வாயிலில் தொங்கவிடப்பட்டன. அப்பலகைகள் 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

அந்த நாட்களில் அங்கு இருந்தவர்களில் ஒருவர் ஜெர்சி யானிஷெவ்ஸ்கி என்ற இளம் வரைகலைஞர். வேலைநிறுத்தக்காரர்கள் வெளியிட்டுவந்த செய்தி இதழிலும் சுவர்களிலும் வழங்கிய 'சொலிடார்னோஷ்ச்' என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்துத் தூரிகை எழுத்தாக வரைந்தார். நெருக்கமான ஒரு கூட்டத்தில் மக்கள் ஒருவரையொருவர் தள்ளிவிடாமல், ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து தாங்கிக்கொள்வதுபோல எழுத்துக்களும் நிற்க வேண்டும் என்பதே தமது எண்ணம் என்று அவர் பின்னர் விளக்கினார். 'என்' என்ற எழுத்திலிருந்து உயரும் போலந்துக் கொடி, இது ஒரு குழுவின் பிரச்சினை அல்ல, நாடு முழுவதற்குமானது என்பதைச் சுட்டியது.

அரசியல் நோக்கில் பார்த்தால், இந்த எழுத்து கையால் வரையப்பட்டது என்பது தற்செயலான ஒன்றல்ல. முறையான அச்சகங்கள் அரசின் கட்டுப்பாட்டிலும் தணிக்கையின் கீழும் இயங்கிய நாடு அது. செய்தித்தாளின் தலைப்புகளும், கட்சியின் அறிவிப்புகளும், அரசு ஆணைகளும் நேர்த்தியான வார்ப்பெழுத்துக்களில் வெளிவந்தன. அவற்றின் நடுவே, சொட்டுச்சொட்டாக வழிந்த சாயம்போல் தோன்றும் ஒரு கையெழுத்து, தான் எந்தத் தரப்பிலிருந்து வருகிறது என்பதை வாசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது.

அதன் பிறகு நடந்தவை வரலாறு. ஆகஸ்ட் 31ஆம் தேதி அரசு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. உச்சகட்டத்தில் ஏறத்தாழ ஒரு கோடி உறுப்பினர்களைக் கொண்டிருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கம், 1981 டிசம்பர் 13ஆம் தேதி பிரகடனப்படுத்தப்பட்ட இராணுவச் சட்டத்தால் முடக்கப்பட்டு, 1982 அக்டோபரில் சட்டப்படி கலைக்கப்பட்டது. தலைமறைவு வெளியீடுகளிலும், இரகசியமாக அச்சிடப்பட்ட அஞ்சல்தலை போன்ற வில்லைகளிலும் அந்தச் சிவப்பு எழுத்து தொடர்ந்து வாழ்ந்தது. 1989 ஜூன் 4ஆம் தேதித் தேர்தலின்போது, அமெரிக்க நடிகர் கேரி கூப்பரின் 'ஹை நூன்' திரைப்படத் தோற்றத்தைக் கொண்டு தோமாஷ் சார்னெட்ஸ்கி உருவாக்கிய சுவரொட்டியிலும் அதே எழுத்து மீண்டும் பகிரங்கமாகத் தோன்றியது.

தாயும் சேயும் இடம் மாறும் விந்தை

யானிஷெவ்ஸ்கி வரைந்தது ஒரே ஒரு சொல். பதினோரு எழுத்துக்களைக் கொண்ட அச்சொல்லில் 'ஓ' மட்டுமே இருமுறை வருகிறது. மேலே சிறு கோடு இட்ட 'எஸ்' ஒன்றும் உண்டு. ஆக, 32 எழுத்துக்களைக் கொண்ட போலந்து நெடுங்கணக்கில் அவர் உருவாக்கித் தந்தவை பத்து மட்டுமே. ஆனால் அந்தப் பாணியில் ஊர்ப்பெயர்களையும் முழக்கங்களையும் எழுத விரும்பிய மற்றவர்கள், இல்லாத எழுத்துக்களைத் தாங்களே கற்பனை செய்து வரைந்துகொண்டனர். காலப்போக்கில் அந்தப் பாணிக்கு 'சொலிடாரிட்சா' என்ற பெயரும் ஏற்பட்டது. கணினிக் காலம் வந்ததும் அப்பெயரில் எழுத்துருக்களும் தோன்றின.

இங்குதான் ஒரு விந்தை நேர்கிறது. இன்று ஒருவர் அந்த இலச்சினையின் படத்தைக் காட்டி அதன் எழுத்துருவைக் கேட்டால், 'சொலிடாரிட்சா' என்ற விடை கிடைக்கக்கூடும். வடிவ ஒப்பீட்டில் அந்த விடை சரிதான். வரலாற்றின்படி அது தலைகீழானது. எழுத்துருவிலிருந்து இலச்சினை பிறக்கவில்லை. இலச்சினையிலிருந்துதான் எழுத்துரு பிறந்தது. சேயைப் பார்த்துத் தாய் என்று அழைக்கும் இந்தப் பிழை, பழைய இலச்சினைகளின் எழுத்தைத் தேடுபவர்கள் எளிதில் செய்யக்கூடிய ஒன்றாகும்.

எனவே, 'எந்த எழுத்துரு' என்பதற்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி, 'இது எழுத்துருதானா' என்பதே.

அச்செழுத்தா, கையெழுத்தா?

இதற்கு விடை காண்பதற்கு, எழுத்துக்கள் உருவாக்கப்பட்ட முறையைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். உலோக அச்சுக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் முதலில் எஃகுத் துண்டின் முனையில் செதுக்கப்பட்டது. அது செம்பில் அழுத்தப்பட்டு, அந்தக் குழியில் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உருக்கு ஊற்றப்பட்டது. ஒரே குழியிலிருந்து ஆயிரக்கணக்கான ஈய எழுத்துக்கள் வெளிவந்தன. ஆகவே ஒரு சொல்லில் ஒரு எழுத்து எத்தனை முறை வந்தாலும் அதன் வடிவம் ஒன்றாகவே இருக்கும். பின்னர் வந்த ஒளி அச்சுக்கோப்புக்கும் கணினி எழுத்துருவுக்கும் இந்த விதி பொருந்தும்.

கையால் வரையப்பட்ட சொல்லில் அப்படி இருக்க வாய்ப்பில்லை. ஒரே எழுத்து இருமுறை வரும்போது, அதன் வளைவும் தடிமனும் சாய்வும் சிறிதேனும் மாறும். பக்கத்து எழுத்துக்கு இடம்கொடுப்பதற்காக ஓவியர் ஒன்றைக் குறுக்குவார், மற்றொன்றை நீட்டுவார். 'கொக்க-கோலா'வின் புகழ்பெற்ற எழுத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1886ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கணக்காளராக இருந்த ஃபிராங்க் ராபின்சன், அக்காலத்தில் அமெரிக்க வணிக அலுவலகங்களில் கற்பிக்கப்பட்ட ஸ்பென்சேரியன் எனப்படும் சாய்வுக் கையெழுத்துப் பாணியில் அதை எழுதினார். அதில் வரும் இரண்டு பெரிய 'சி' எழுத்துக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவை வெவ்வேறானவை என்பது விளங்கும். அந்த எழுத்துக்கு எந்த வார்ப்பகத்தின் பட்டியலிலும் பெயர் தேடிப் பயனில்லை.

ஆனால் இந்தச் சோதனையிலும் எச்சரிக்கை தேவை. தேய்ந்துபோன ஈய எழுத்தும், மட்டமான தாளில் பரவிய மையும் ஒரே எழுத்தை இருவிதமாகக் காட்டக்கூடும். மறுபுறம், 1960களிலிருந்து உலகெங்கும் பரவிய லெட்ராசெட் போன்ற ஒட்டெழுத்துத் தாள்களில், எழுத்துக்கள் ஒவ்வொன்றாகத் தேய்த்து ஒட்டப்பட்டன. அவ்வாறு செய்யப்பட்ட இலச்சினையில் எழுத்து வடிவங்கள் ஒன்றாக இருக்கும். இடைவெளியும் வரிசையும் மட்டும் ஒழுங்கற்றிருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் அதைக் கையெழுத்து என்று நினைத்துவிட இடமுண்டு. பொறுமையாகப் பார்ப்பவரோ, வடிவத்தையும் இடைவெளியையும் தனித்தனியே சோதித்து, அது வீட்டு மேசையொன்றில் ஒட்டித் தயாரிக்கப்பட்டது என்பதைக் கண்டுகொள்வார்.

பெயரைத் தேடும் வழி

அச்செழுத்துதான் என்று உறுதியானபின் பெயரைத் தேடலாம். அனுபவம் மிக்கவர்கள் எல்லா எழுத்துக்களையும் பார்ப்பதில்லை. இலத்தீன் எழுத்துக்களில் பெரிய 'ஆர்', 'ஜி', 'கியூ' ஆகியவையும், சிறிய 'ஏ', 'ஜி', 'டி' ஆகியவையும் வடிவமைப்பாளரின் கைவண்ணத்தை அதிகம் வெளிப்படுத்துபவை. 'ஐ', 'எல்', 'ஓ' போன்றவை பல எழுத்துருக்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றால் பயன் குறைவு.

ஹெல்வெட்டிகா, ஏரியல் ஆகிய இரண்டும் இதற்குத் தெளிவான சான்று. ஹெல்வெட்டிகா, சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்தில் மாக்ஸ் மீடிங்கரால் உருவாக்கப்பட்டு 1957ல் வேறு பெயரில் வெளிவந்து, 1960ல் இப்பெயரைப் பெற்றது. ஏரியல், 1982ஆம் ஆண்டில் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கலஸ், பட்ரிசியா சாண்டர்ஸ் ஆகியோரால் உருவாக்கப்பட்டு, 1992ல் விண்டோஸ் 3.1 உடன் உலகெங்கும் பரவியது. ஹெல்வெட்டிகாவில் அமைத்த பக்கத்தை வரி குலையாமல் அச்சிட உதவும் வகையில், எழுத்துக்களின் அகலத்தை ஏரியல் அப்படியே பின்பற்றுகிறது. ஆயினும் ஹெல்வெட்டிகாவின் 'ஆர்' நேராகக் கீழிறங்கும் காலைக் கொண்டது. ஏரியலின் கால் சாய்வானது. ஹெல்வெட்டிகாவின் பெரிய 'ஜி'யில் கீழ்நோக்கிய ஒரு முனை உண்டு. ஏரியலில் அது இல்லை. ஹெல்வெட்டிகாவின் 'எஸ்' முனைகள் கிடைமட்டமாக வெட்டப்பட்டவை. ஏரியலில் சாய்வாக வெட்டப்பட்டவை.

இந்தச் சிறு வேறுபாட்டின் முக்கியத்துவம் என்ன? 1970களைச் சேர்ந்தது என்று காட்டப்படும் ஒரு நிறுவனச் சின்னத்தில் ஏரியலின் சாய்ந்த கால் தென்பட்டால், அந்த வடிவம் மூலப்பிரதி அல்ல, பின்னொரு காலத்தில் யாரோ கணினியில் மீண்டும் அமைத்தது என்பது உறுதியாகிவிடுகிறது. மோசடி என்று அதை உடனே சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அது, கையில் இருந்த எழுத்துருவைக் கொண்டு ஒருவர் நல்லெண்ணத்துடன் செய்த மறுவரைவாகவே இருக்கும்.

பெயர் கிடைத்தாலும் தேடல் முடிந்துவிடுவதில்லை. இலச்சினை வடிவமைப்பாளர்கள் எழுத்துருவை அப்படியே பயன்படுத்துவது அரிது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 1947ஆம் ஆண்டுச் சின்னம் பெட்டன் போல்ட் என்ற எழுத்துருவில் அமைந்திருந்தது. 1956ல் பால் ராண்ட் அதை மாற்றியபோது, ஜெர்மானியரான கியோர்க் டிரம்ப் 1930ல் வடிவமைத்த சிட்டி எழுத்துருவை அடிப்படையாகக் கொண்டார். 1972ல் அதே எழுத்துக்களைக் கிடைக்கோடுகளாகப் பிரித்தார். இன்று நாம் காணும் சின்னத்தின் வேர் சிட்டி எழுத்துருவில் இருக்கிறது என்று கூறலாம். அது சிட்டியில் அமைந்தது என்று மட்டும் கூறினால் ராண்டின் பங்கு மறைந்துவிடும்.

மற்றொரு சிக்கல் சட்டத்திலிருந்து வருகிறது. எழுத்துருவின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 1978ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பெயருக்கு வணிக உரிமை உண்டு, கணினி நிரலுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வடிவத்தைப் பார்த்து வரைவதை அங்கு தடுக்க இயலாது. இதனால் ஏறத்தாழ ஒரே வடிவம் பல பெயர்களில் விற்கப்பட்டது. பிட்ஸ்ட்ரீம் நிறுவனம் 'ஸ்விஸ் 721' என்ற பெயரில் விற்றது ஹெல்வெட்டிகாவின் வடிவத்தைத்தான். ஆகவே ஒரு வடிவத்துக்குப் பல பெயர்கள் சரியாக இருக்கலாம். எந்தப் பெயர் பொருந்தும் என்பதை, அந்த இலச்சினை எந்த ஆண்டில், எந்த நாட்டில், எந்தக் கருவியால் செய்யப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கும்.

படத்தைக் கொடுத்தால் எழுத்துருவின் பெயரைத் தேடித்தரும் கணினிச் சேவைகளைப் பயன்படுத்தும்போதும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அவை தம்மிடம் உள்ள தொகுப்பில் மிக நெருக்கமானதை எடுத்துக்காட்டும். 'இது எழுத்துருவே அல்ல' என்றோ, 'இது உருவான காலத்தில் நான் காட்டும் எழுத்துரு பிறந்திருக்கவில்லை' என்றோ சொல்லும் கடமை அவற்றுக்கு இல்லை. அந்தத் தீர்ப்பு கேட்பவரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது.

எழுத்து நீதிமன்றம் ஏறியபோது

எழுத்துரு ஒரு காலச் சாட்சியாகும் என்பதற்கு அண்மைக்கால உலக அரசியலில் மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு பாகிஸ்தானில் நிகழ்ந்தது. அங்கு பரிசோதிக்கப்பட்டது இலச்சினை அல்ல, ஒரு பத்திரம். ஆனால் பயன்பட்டது இதே முறைதான்.

2016ஆம் ஆண்டில் பனாமா ஆவணங்கள் வெளியானதைத் தொடர்ந்து, அப்போதைய பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் குடும்பத்தினருக்கு லண்டனில் உள்ள குடியிருப்புகளின் உரிமை குறித்த கேள்விகள் எழுந்தன. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் அமைக்கப்பட்ட கூட்டு விசாரணைக் குழு 2017 ஜூலையில் தனது அறிக்கையை அளித்தது. பிரதமரின் மகள் மரியம் நவாஸ் தரப்பில் தாக்கல் செய்யப்பட்ட, 2006 பிப்ரவரி எனத் தேதியிட்ட பத்திரம் காலிப்ரி என்ற எழுத்துருவில் அமைந்திருந்தது. அந்த எழுத்துருவோ, விண்டோஸ் விஸ்டாவுடனும் ஆபிஸ் 2007 உடனும் 2007 ஜனவரி இறுதியில்தான் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. ஆகவே பத்திரம் பின்தேதியில் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று லண்டனைச் சேர்ந்த ராட்லி தடயவியல் ஆவணப் பரிசோதனைக் கூடத்தின் கருத்து சுட்டிக்காட்டப்பட்டது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இந்த வாதம் அசைக்க முடியாததாகத் தோன்றும். ஆனால் எழுத்துருவின் பிறந்த நாள் என்பது மனிதர்களின் பிறந்த நாள் போலத் துல்லியமானதல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லூகாஸ் டி குரூட், காலிப்ரியை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உருவாக்கி முடித்திருந்தார். விஸ்டாவின் சோதனைப் பதிப்புகளைப் பெற்றிருந்த கணினித் துறையினரின் கைகளில், விற்பனைக்கு வருவதற்கு முன்பே அது இருந்தது. ஒரு சட்டப் பத்திரத்தைத் தயாரிக்கும் அலுவலகம் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. எனினும் அது நிகழ்தகவு குறித்த கேள்வி, இயலாமை குறித்ததல்ல.

நவாஸ் ஷெரீப் 2017 ஜூலை 28ஆம் தேதி பதவியிழந்தது இந்த எழுத்துருவினால் அல்ல என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து பெறத்தக்க ஊதியத்தை வேட்புமனுவில் தெரிவிக்கவில்லை என்பதே உச்ச நீதிமன்றம் கூறிய காரணம். லண்டன் குடியிருப்புகள் தொடர்பான வழக்கில் 2018 ஜூலையில் தந்தைக்கும் மகளுக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மரியம் நவாஸை 2022 செப்டம்பரிலும், நவாஸ் ஷெரீப்பை 2023 நவம்பரிலும் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

இந்த வழக்கிலிருந்து பெறக்கூடிய பாடம், எழுத்துரு ஒரு பக்க எல்லையை மட்டுமே காட்டும் என்பதாகும். 'இதற்கு முன்னர் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு' என்று அது சொல்லும். 'இந்த நாளில்தான் எழுதப்பட்டது' என்று அதனால் சொல்ல முடியாது. அந்த முன்னெல்லையைக்கூட, எழுத்துருவின் விற்பனைத் தேதியைக் கொண்டு மட்டும் வரைந்துவிட முடியாது. அதற்கு முன்பே அதைக் கையாண்டவர்கள் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கள் தரும் சாட்சியம்

இந்தப் பாடம் தமிழுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. தமிழில் எழுத்துருவின் பெயரைத் தேடுவதற்கு முன்பே, எழுத்தின் அமைப்பே காலத்தைப் பற்றி ஓரளவு பேசிவிடும்.

1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, பெரியார் ஈ.வெ.ராமசாமி பின்பற்றிவந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவையுமாகப் பதின்மூன்று எழுத்துக்கள் மாற்றம் பெற்றன. அதற்கு முன்பு 'லை' என்ற எழுத்தின் தலையில் யானையின் துதிக்கை போன்றதொரு வளைவு இருந்தது. 'னா' என்பது துணைக்கால் தனித்து நிற்காமல், எழுத்தோடு பிணைந்த சுழியாக இருந்தது. இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலர் பள்ளியில் முதலில் கற்றது அந்த வடிவங்களைத்தான்.

ஆகவே ஒரு பழைய சங்கத்தின் இலச்சினையிலோ, ஒரு பத்திரிகையின் முகப்புப் பெயரிலோ துதிக்கை 'லை' காணப்பட்டால் அது 1978க்கு முந்தையது என்றும், புதிய 'லை' காணப்பட்டால் பிந்தையது என்றும் சொல்லிவிடத் தோன்றும். இரண்டுமே அவசர முடிவுகள். பெரியார் தமது 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துக்களை 1935ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அவரது இயக்கம் சார்ந்த வெளியீடுகளில் புதிய வடிவம், அரசாணைக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முந்தியது. காலிப்ரி வழக்கின் சோதனைப் பதிப்பைப் போலவே, ஆணைக்கு முந்தைய பயன்பாட்டாளர்கள் இங்கும் இருந்தார்கள்.

மறுபக்கமும் அப்படித்தான். ஆணை வெளியான மறுநாளே அச்சகங்களின் ஈய எழுத்துக்கள் உருகிவிடவில்லை. தமிழ்நாட்டின் அரசாணை பிற நாடுகளின் அச்சகங்களைக் கட்டுப்படுத்தவும் இல்லை. அங்கெல்லாம் மாற்றம் பின்னர் படிப்படியாகவே பரவியது. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்களும், பழகிய கையெழுத்தைக் கொண்ட மூத்தவர்களும் பழைய வடிவத்தை நீண்ட காலம் கைவிடவில்லை. எனவே 1980களின் இலச்சினை ஒன்றில் பழைய வடிவம் இருப்பதில் வியப்பில்லை. அதேவேளை, 1950களைச் சேர்ந்தது எனப்படும் ஒரு சின்னத்தில் புதிய வடிவம் இருந்தால், அது பெரியார் இயக்கத் தொடர்புடையதா, அல்லது பிற்காலத்தில் மீண்டும் வரையப்பட்டதா என்ற கேள்வி எழ வேண்டும். முதலாவது விடை அந்தச் சின்னத்தின் அரசியலைக் காட்டும். இரண்டாவது விடை அதன் வயதைக் காட்டும்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1980களில் தொடங்கப்பட்ட சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இதழ்களும், கையால் எழுதிய தலைப்புகளோடு தமது வாழ்வைத் தொடங்கின. தட்டச்சு செய்த தாளும் நகல் இயந்திரமுமே பலருக்கு அச்சகம். 1990களில் பாமினி போன்ற கணினி எழுத்துருக்கள் புலம்பெயர் வெளியீடுகளில் பரவியபோது, அத்தலைப்புகளில் பல கணினியில் மீண்டும் அமைக்கப்பட்டன. யூனிகோடு வந்தபின் மற்றொரு முறை மாற்றப்பட்டன. ஆண்டு விழா மலர்களில் 'தொடக்ககால இலச்சினை' என்று இன்று அச்சிடப்படுவது, சில வேளைகளில் இரண்டாவது அல்லது மூன்றாவது மறுவரைவாக இருக்கக்கூடும்.

பாதுகாக்க வேண்டியது எது?

கதான்ஸ்கின் இலச்சினைக்கு வரைந்தவரின் பெயர் தெரியும், வரையப்பட்ட மாதம் தெரியும், அதன் எண்ணமும் அவர் வாயாலேயே பதிவாகியிருக்கிறது. அதனால்தான், பின்னர் தோன்றிய எழுத்துருவை அதன் மூலம் என்று யாராவது கூறினால் மறுக்க முடிகிறது. சாதாரண மனிதர்கள் தொடங்கிய சிறு அமைப்புகளின் சின்னங்களுக்கு அத்தகைய பதிவு பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கு எழுத்தின் வடிவம் ஒன்றே எஞ்சியிருக்கும் சாட்சி.

ஆகவே பழைய கடிதத்தாளோ, துண்டுப்பிரசுரமோ, முத்திரையோ கைக்குக் கிடைத்தால், அதைத் 'தெளிவாக்கி' மீண்டும் தட்டச்சு செய்வதற்கு முன்பாக, மூலத்தை உள்ளவாறே உயர்ந்த துல்லியத்தில் படமெடுத்து வைப்பது நல்லது. ஓரங்களில் பரவிய மையும், வரிசை தவறிய எழுத்தும் குறைகளாகத் தோன்றினாலும், அது எந்தக் கருவியால் செய்யப்பட்டது என்பதைச் சொல்லக்கூடியவை அவைதான். அச்சகத்தின் பெயர் எங்காவது ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருந்தால் அதையும் வெட்டிவிடக் கூடாது. அத்தலைப்பை எழுதியவர் இன்னும் நம்மிடையே இருந்தால், அவரிடம் கேட்டு ஆண்டையும் சூழலையும் எழுதி வைப்பது எந்தக் கணினிச் சேவையாலும் ஈடுசெய்ய முடியாத ஒன்றாகும்.

எழுத்துருவின் பெயரைக் கண்டறிவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் யார் எழுதினார், எப்போது, எந்தக் கருவியால், எத்தகைய நெருக்கடியில் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெயர் வழிகாட்டும்போதுதான் தேடல் பயனுள்ளதாகிறது. சில இலச்சினைகளைப் பொறுத்தவரை, அதற்குப் பெயரே இல்லை என்பதுதான் நாம் கண்டறியக்கூடியவற்றுள் மிக முக்கியமான செய்தியாக இருக்கும்.